சவிட்டிராத மக்களே

தோவாளைக்காரனுக்குப் பூ பார்க்க மலையேற வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விடியும் முன்பே பிச்சியும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் ஊர். ஆனால் நான் தேடிப் போனது எடை போட்டு விற்கிற பூ இல்லை, தரை ஆர்க்கிட்.

நாகர்கோவிலில் புட்டும் பயறும் சாப்பிட்டுவிட்டு, ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு தடிக்காரன்கோணம், கீரிப்பாறை என்று போனோம். வழியெல்லாம் ரப்பர். வனத்துறை அனுமதி, கையெழுத்து எல்லாம் முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. வழிகாட்ட வந்தவர் காணிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். ரப்பர் முடிந்து காடு, காட்டைத் தாண்டினால் புல்மேடு. நெல்லியும் கடுக்காயும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்க, இடையில் இடுப்பளவுக்குப் புல். அட்டைக்கென்று கொண்டுபோன உப்பு மழையில் பாதி கரைந்து போயிருந்தது.

ஆர்க்கிட் என்றால் மரத்தில் தொற்றி வளரும் என்ற பழக்கத்தில் நான் அண்ணாந்தே நடந்துகொண்டிருந்தேன்.

"சவிட்டிராத மக்களே!"

மிதித்துவிடாதே என்று பெரியவர் போட்ட சத்தத்தில் தூக்கிய கால் அப்படியே நின்றது. புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு தண்டு, அதில் மூன்று வெள்ளைப் பூ. ஹேபனேரியா லாஞ்சிகார்னிகுலாட்டா. பெயர்தான் வாயில் நுழையாது. பூ அவ்வளவு எளிமை. ஆனால் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பூவிலிருந்தும் பச்சை கலந்த ஒரு குழல் வால் மாதிரித் தொங்குகிறது. நடுவிரலை வைத்துப் பார்த்தேன், விரலையும் தாண்டி நீண்டது. தேன் அதன் அடியில் இருக்கிறது. வண்டுக்கோ தேனீக்கோ எட்டாது. இத்தகைய பூக்களுக்கு இரவில் வரும் நீண்ட உறிஞ்சுகுழல் அந்துப்பூச்சிதான் விருந்தாளி. தேன் குடிக்கக் குனிகிற அதன் முகத்தில் மகரந்தக் கட்டியைப் பூ ஒட்டி அனுப்பிவிடும்.

ஒன்றைத் தொட்டியில் வைக்கக் கொண்டு வா என்று நண்பன் சொல்லியிருந்தான். பெரியவரிடம் சொன்னேன். "கிழங்கு ரெண்டு இருக்கும். இந்த வருசத்துக்கு ஒண்ணு, அடுத்த வருசத்துக்கு ஒண்ணு. தோண்டினா ரெண்டும் போச்சு" என்றார். விதையும் கைகொடுக்காது, தூசி போல இருக்கும், முளைக்க உணவே அதற்குள் கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் உண்டு. அந்தப் பூஞ்சையை எந்தத் தொட்டியில் போய்த் தேடுவது? கோடையில் இலை தண்டு எல்லாம் காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். அப்போது வந்தால் வெறும் புல்தான்.

மண்டியிட்டு மோந்து பார்த்தேன். ஈரப் புல் வாசனை மட்டும்தான் வந்தது.

"பிச்சி மாதிரிதான். அந்தி மயங்கணும்" என்று சிரித்தார்.

மணி இரண்டு. நாலுக்குள் சாவடியைத் தாண்டியாக வேண்டும். சரி என்று இறங்கினோம்.