ஏழு கிராம் நார்ச்சத்தும் பக்கவாதமும்

நார்ச்சத்து என்றாலே மலச்சிக்கலோடு பேச்சை முடித்துவிடுகிறோம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். அமெரிக்கா, வட ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பல இடங்களில் மக்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த 8 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினமும் 7 கிராம் நார்ச்சத்து கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு முதல் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 7 சதவீதம் குறைவாக இருந்தது.

7 கிராம் ஒன்றும் பிரமாதமில்லை. நடுத்தரக் கொய்யா ஒன்று, கூடவே ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டல், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்: ஓட்ஸ், பருப்பில் இருக்கும், தண்ணீரில் கரையும் நார் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே தள்ளும், அதை ஈடுகட்டப் புதிய பித்த அமிலம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை இழுத்துக்கொள்ளும், அதனால் பக்கவாத அபாயம் குறையலாம். சரி, அப்படியானால் கரையும் நாருக்குத்தானே பலன் தெரிந்திருக்க வேண்டும்? அந்தத் தொகுப்பாய்வில் அதை மட்டும் தனியாகப் பார்த்தபோது தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை! அப்புறம், நார்ச்சத்து அதிகம் சாப்பிடுபவர்கள் பொதுவாகப் புகைப்பதும் குறைவு, நடப்பதும் அதிகம். பலன் நாரினாலா, இந்தப் பழக்கங்களினாலா? கணக்கில் எவ்வளவு சரிக்கட்டினாலும் அந்தச் சந்தேகம் முழுதாகப் போகாது. இதை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறேன் என்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.