மாஸ்க் தளர்ந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் சிகிச்சை (கதிர்வீச்சு) எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடிக்க உங்கள் முகத்துக்கென்றே செய்த அந்த வலை மாஸ்க், வெந்நீரில் இளக்கி முகத்தில் படியவைத்த பிளாஸ்டிக் தகடு. தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே தண்டுவடத்துக்கோ உமிழ்நீர்ச் சுரப்பிக்கோ கதிர் கூடுதலாகப் போய்விடலாம். அதனால்தான் அத்தனை இறுக்கம்.

ஆறேழு வாரச் சிகிச்சையில் வாய் புண்ணாகும், சாப்பாடு இறங்காது, கன்னம் ஒட்டிப்போகும். மாஸ்க்கும் தொளதொளவென்று ஆகிவிடும். "அப்பாடா, இப்போ வசதியா இருக்கு" என்று பலர் பேசாமல் படுத்துவிடுகிறார்கள். அப்படி இருக்காதீர்கள். உள்ளே தலை அசைந்தால் உடனே சொல்லுங்கள். மேஜையிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்; தேவைப்பட்டால் புது மாஸ்க் செய்து, மறுபடி சிடி ஸ்கேன் எடுத்துச் சிகிச்சைத் திட்டத்தையே மாற்றுவோம். அப்புறம், தாடி வளர்த்தாலும் மொட்டை போட்டாலும்கூட முதலில் எங்களிடம் சொல்லிவிடுங்கள்.