பள்ளி எல்லையும் பேருந்துத் தடமும்: வரைபடத் தரவில் வேலை செய்தபோது தெரிந்தவை

எந்தப் பகுதி மாணவர் எந்தப் பள்ளிக்கு, பேருந்து எந்தத் தடத்தில் என்று வரைபடத்தில் பிரிக்கும் வேலை இது. மாணவர் முகவரிப் பட்டியலை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றியவுடனே பள்ளி எல்லைக்கோடு போடக் கை பரபரக்கும். பொறுக்க வேண்டும். எங்களுக்குப் பாதி நேரத்துக்கு மேல் முகவரியைத் திருத்துவதில்தான் போனது. அங்கே விட்ட பிழை கடைசித் தடம்வரை கூடவே வரும்.

முதல் வேலையாகப் பெயர்களை நீக்கினோம். மாணவர் எண், வகுப்பு, முகவரி போதும். குழந்தைகளின் வீடு இருக்கும் இடம் இது. பலர் கைக்குப் போகும் கோப்பில் பெயர் இருக்கவே கூடாது.

முகவரியைப் புள்ளியாக மாற்றும் சேவைக்கு வீடு கிடைக்காவிட்டால், பல நேரம் அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் நடுவில் புள்ளியை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். ஒரே ஆயத்தொலைவில் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) எத்தனை மாணவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் இது பிடிபடும். அடுக்குமாடி என்றால் குவியல் சரி. மற்றதையெல்லாம் கையால்தான் நகர்த்த வேண்டும். புள்ளி வேறு நாட்டிலோ கடலிலோ விழுந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். தசமத்துக்குப் பின் 5 இலக்கம் இருந்தால் ஏறக்குறைய 1 மீட்டர் நுட்பம் கிடைக்கும். 2 இலக்கமாக முழுமையாக்கிவிட்டால் வீடு அரை கிலோமீட்டர் தள்ளிப் போகலாம்.

அடுத்தது அலகு. இடத்தை டிகிரியில் குறிக்கும் டபிள்யூஜிஎஸ் 84 முறையில் பள்ளியைச் சுற்றி ஆரம் 1 என்று வட்டம் கேட்டால் அது 1 டிகிரி, வடக்கு தெற்காகச் சுமார் 111 கிலோமீட்டர். இடத்தை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றி அளந்தோம். ஆனாலும் வட்டத்தை நம்பி எல்லை போடக் கூடாது. நடுவில் ஆறோ ரயில்பாதையோ இருந்தால் 300 மீட்டர் தூரம் 2 கிலோமீட்டர் நடையாகிவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் உள்ள சாலைகள் வழியாகத்தான் தூரம் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: திரையில் ஒட்டியிருப்பதாகத் தெரியும் இரண்டு சாலைக்கோடுகளுக்கு நடுவே, பெரிதாக்கினால் சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். மென்பொருளுக்கு அது முட்டுச்சந்து. எவ்வளவு இடைவெளியை ஒட்டலாம் என்று அளவு கொடுக்கலாம். அதைக் கூட்டிவைத்தால் இணையாத சாலைகளும் ஒட்டிக்கொள்ளும்.

எல்லைக்கு, பெரிய சாலைகளுக்கு நடுவே அடங்கும் சிறு தொகுதிகளாக ஊரைப் பிரித்து, தொகுதிகளைப் பள்ளிக்குப் பள்ளி மாற்றிப் பார்ப்பதே நல்ல வழி. எண்ணிக்கையை வகுப்புவாரியாகப் போடுங்கள். மொத்தத்தில் இடம் இருப்பதாகத் தெரியும், ஒரு வகுப்பு மட்டும் நிரம்பி வழியும்.

பேருந்துத் தடத்தில் ஓட்ட நேரத்தை மட்டும் கூட்டினால் கணக்கு தவறும். நிறுத்தத்துக்கு 40 விநாடி என்றாலும் 15 நிறுத்தத்துக்கு 10 நிமிடம். பக்கத்துப் பக்கத்து நிறுத்தங்களை இணைத்தால் நேரம் மிச்சம். சிறு குழந்தைகளின் நடைதூரம் கூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலைத் தடத்தைத் தலைகீழாக்கி மாலைக்கு வைக்காதீர்கள். ஒருவழிச் சாலையில் முட்டும், நிறுத்தமும் எதிர்ப்பக்கம் விழும். இறங்கிய குழந்தை வாகனங்களுக்கு நடுவே சாலையைக் கடக்க நேரும். மாலைத் தடம் தனிக் கணக்கு.