சாந்தத்தோடும் வணக்கத்தோடும்

அரசியல் விமர்சகராக எத்தனையோ நேரலைகளில் கலந்துகொண்டிருக்கிறேன். கேள்வி எவ்வளவு காரமாக இருந்தாலும், அது கட்சியையோ கொள்கையையோ பற்றியதாக இருக்கும்வரை என் குரல் உயர்ந்ததில்லை. ஒரு பேட்டியில் மட்டும் உயர்ந்தது. தேர்தல் கூட்டணிகளைப் பற்றிப் பேச அழைத்திருந்த நெறியாளர், பாதியில் தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு, "நீங்கள் செய்வது ஆய்வா, பிரசங்கமா? அடிமை வணிகத்தை ஆசீர்வதித்த கிறிஸ்தவ மதத்தை நம்பிக்கொண்டு எப்படி நீதி பேசுகிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் உடனே அன்றைய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்போர்ஸைத் துணைக்கு அழைத்தேன். விசுவாசத்தால் உந்தப்பட்ட அவரும் அவருடைய தோழர்களும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போராடிய பின்னரே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1807-இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது என்றேன். சொன்னது உண்மை, சொன்ன வேகத்தில்தான் பிழை இருந்தது. அதற்காகவே காத்திருந்தவர்போல நெறியாளர் பார்படோஸ் தீவின் காட்ரிங்டன் கரும்புத் தோட்டங்களைப் பற்றிக் கேட்டார். 1710-இல் இறந்த உரிமையாளர் காட்ரிங்டனின் உயில் வழியாக அவற்றைப் பெற்ற இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் சங்கம், அங்கிருந்த அடிமைகளையும் சேர்த்தே பெற்றது. அவர்களின் மார்பில் 'சங்கம்' என்ற சொல்லே சூடாகப் போடப்பட்டது. இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. தெரிந்திருந்தும் அவர் கேட்கும்வரை வாய்திறக்கவில்லை என்பதே என்னைத் தலைகுனிய வைத்தது.

ஒரு கட்சியின் பேச்சாளர் தன் தரப்பின் தவற்றை மறைத்து, நல்லதை மட்டும் முன்னால் நீட்டும்போது அதைப் பிடித்துக்காட்டுவது என் தொழில். அதே வேலையை நான் திருச்சபைக்காகச் செய்துகொண்டிருந்தேன். நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" மறுமொழி சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி வேதாகமத்திலுள்ள பேதுருவின் முதல் நிருபம் கேட்கிறது. உபத்திரவப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதப்பட்ட நிருபம் அது. பகையோடு கேட்பவர்களையும் மனத்தில் வைத்தே அச்சொற்கள் எழுதப்பட்டன என்று நினைக்கிறேன். ஆயத்தம் என்னிடம் நிறைய இருந்தது. மற்ற இரண்டும் இல்லை.

"நடந்தது உண்மை, அது திருச்சபை செய்த பாவம்" என்றேன். இங்கிலாந்துத் திருச்சபை 2006-இல் அதற்கு மன்னிப்புக் கேட்டதையும், சூடு பட்டவர் ஒருவரும் அதைக் கேட்க உயிரோடு இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் முகம் இளகவில்லை. இளகவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. "பிறகு ஏன் இன்னும் நம்புகிறீர்கள்?" என்றார். அரசும் ஆலயத் தலைவர்களும் கைகோத்துக் கொலைக்கு அனுப்பிய ஒருவரை நம்புகிறேன் என்றும், அந்தத் தோட்டத்தில் அவரைத் தேடினால் சூடு பட்டவர்கள் நடுவில்தான் காண்போம் என்றும் சொன்னேன். அது விடையாகாது என்றார். அவருக்கு ஆகாமலிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். அதற்குள் நேரம் முடிந்திருந்தது.