4,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்

சென்ற அக்டோபரில், முதுநிலை மாணவர்களின் செய்முறை வகுப்பில், செவித்திறன் சோதனை எப்படி நடக்கிறது என்று காட்டுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததால், நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிபுகாக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறிக்காரர்கள் பலருக்கு இந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன். பொத்தான் என் கைக்கு வந்தது அன்றுதான். வெளியே வந்தபோது, திரையைச் சுற்றி நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒழுங்காக வந்த கோடு, 4,000-இல் கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கி, 8,000-இல் பாதி தூரம் ஏறி நின்றது. கோடு இறங்கினால் அந்தச் சுருதி காதுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். இரண்டு காதுகளிலும் அதே பள்ளம். முந்தைய வாரம்தான் அந்தப் பள்ளத்தைப் பலகையில் வரைந்து, இதைக் கண்டால் முதலில் இரைச்சலைச் சந்தேகியுங்கள் என்று பாடம் நடத்தியிருந்தேன். ஒரு மாணவி மிகுந்த தயக்கத்தோடு, "நீங்கள் முன்பு ஏதாவது ஆலையில் வேலை பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

நான் எந்த ஆலையிலும் வேலை பார்த்ததில்லை. தறிப்பட்டறையை ஒட்டிய வீட்டில் பிறந்தேன், அவ்வளவுதான்.

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதிலும் ஒரு வாசல், அந்த வாசலுக்குக் கதவு கிடையாது. எட்டுத் தறிகள். அம்மா பட்டறை ஓரத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவார், அதாவது ஊடை நூலைச் சிறு கட்டையில் சுற்றுவார். அவர் தலைக்கு மேல் விட்டத்தில் என் தூளி தொங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தார் சுற்றியிருக்கிறேன். அதை வேலை என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடுகிற சத்தத்தில் தூங்கிய குழந்தை, மின்சாரம் போய்த் தறிகள் நின்றதும் வீறிட்டு எழுந்து அழும் என்று அம்மாயி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். மின்வெட்டு வந்தால் தெரு முழுக்க அழுகைச் சத்தம் கேட்கும்.

பிறகு சுற்றுச்சூழல் நலம், தொழில்சார் நலம் என்று படிக்கப்போய், சென்னையில் ஆய்வு மாணவராக, ஒலிமானியைத் தூக்கிக்கொண்டு அதே ஊருக்குத் திரும்பினேன். பட்டறைகளில் 95-க்கும் 100-க்கும் இடையில் முள் நின்றது. டெசிபல் கணக்கு கடைக்காரர் கணக்கைப் போன்றதன்று. மூன்று ஏறினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகிவிடும். நான் இப்போது பாடம் நடத்துகிற பிரிட்டனில், 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி, எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபலை எட்டினால் முதலாளி இரைச்சலைக் குறைக்கவும் காதுக்குக் காப்பு கொடுத்து அணியச் செய்யவும் வேண்டும். அந்தக் கணக்கில் 97 டெசிபல் இருக்கிற இடத்தில் அரை மணி நேரம் நின்றாலே ஒரு நாளைக்கு உரிய அளவு தீர்ந்துபோகும். என் அப்பா பன்னிரண்டு மணி நேரம் நின்றார். நம் ஊர்த் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 வரை அனுமதிக்கின்றன. ஆனால் நான்கைந்து பேர் வேலை செய்கிற பட்டறையை எட்டிப் பார்க்க அந்த விதிகளுக்கு வழியில்லை. காதடைப்பானை இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, எங்கள் தெருவிலேயே மூத்த தறிக்காரர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாடா கோணலா ஓடுனா சத்தத்துலதானுங்க தெரியும், இத வெச்சுக்கிட்டா தறிய எப்படி ஓட்டறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் அன்றைக்கும் பதில் இல்லை. காதைக் காக்கும் கருவியைக் கடைசி வழியாகத்தான் வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல்தான் நினைவுக்கு வருகிறது. அத்தனை பேர் காதுகளைக் கணக்கில் எடுத்த நான், என் காதைச் சேர்க்க வேண்டும் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.

அந்த ஆய்வு முடிந்த கையோடு மான்செஸ்டரில் ஆசிரியப் பணி கிடைத்தது. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு மான்செஸ்டர் வெறும் ஊரன்று. பஞ்சாலைத் தொழிலாளிக்குத் திங்கட்கிழமை தோறும் நெஞ்சு இறுகுவதற்குப் பருத்தித் தூசியே காரணம் என்பதை ரிச்சர்ட் ஷில்லிங் லங்காஷயர் ஆலைகளில் ஆராய்ந்தது இங்கிருந்துதான். தறியின் பாவத்தைச் சுமந்த ஊர் என்பதால் எனக்கு இதன் மேல் ஒரு சொந்தம்கூட உண்டு.

மூன்று ஆண்டுகளில் நன்றாகவே பழகிவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன். மழைக்குக் குடை எடுப்பதில்லை. கூட்டங்களில் பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். ஆனால் முதல் குளிர்காலத்தில், தை மாதக் குளிரில், மின்சாதனக் கடைக்குப் போய் மேசை விசிறி கேட்டேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. கடைக்காரப் பையன் ஹீட்டர் வேண்டுமா என்று மூன்று முறை கேட்டான். காற்று எனக்கு எதற்கு? அந்த வீட்டின் நிசப்தத்தில் தூக்கம் வரவில்லை. காதுக்குள் ஓயாமல் ஒரு ரீங்காரம் ஓடியது. அதை ஊரின் நினைவு என்று நான் கவிதையாக எடுத்துக்கொண்டேன். அதற்கும் பாடத்தில் ஒரு பெயர் உண்டு என்பது அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இன்றும் தூங்குகிறேன்.

இன்னொன்றும் அன்று விளங்கியது. மாணவர்கள் பேசும்போது சொற்களின் வால் எனக்குச் சிக்குவதில்லை. ஒருமையா பன்மையா என்று குழம்புவேன். லங்காஷயர் பேச்சு வழக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு மூன்று ஆண்டுகள் ஓட்டினேன். ஆங்கிலத்தின் ஸ், ஃப், த் என்று காற்றாக வெளியேறுகிற ஒலிகள் எல்லாம் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பவை. சரியாக என் பள்ளம் இருக்கிற பக்கம். தமிழ்ச் சொல்லோ உயிரில் முடியும், இல்லாவிட்டால் ம், ன், ல், ள் என்று காதில் நின்று முடியும். தமிழில் வாழ்ந்தவரைக்கும் என் காது கெட்டுப்போனது எனக்கே தெரியாமல் தமிழ் மறைத்து வைத்திருக்கிறது. என்னுடைய இந்த விளக்கத்தை ஆய்வுக் கட்டுரையாக யாரும் ஏற்கமாட்டார்கள். எனக்கு அது போதும்.

உச்சக்கட்டம் பக்கத்து வீட்டுக்காரர் விஷயம்தான். ஒருநாள் அப்பாவோடு தொலைபேசியில் பேசி முடித்துக் கதவைத் திறந்தால், வாசலில் ஒரு சீட்டுக் கிடந்தது: "எல்லாம் நலம்தானே? உதவி தேவைப்பட்டால் தட்டுங்கள்." நானும் அப்பாவும் தங்கை கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியா மைசூர்பாகா என்று பேசிக்கொண்டிருந்தோம். யாரோ யாரையோ அடிப்பதாக அவர் நினைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், தறி, இரைச்சல், அப்பாவின் காது என்று எல்லாவற்றையும் நான் விளக்க, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொஞ்சம் மெதுவாகப் பேசலாமே என்றார். நான் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த வசந்தத்தில் மாணவர்களை பர்ன்லி பக்கத்திலுள்ள குவீன் ஸ்ட்ரீட் ஆலைக்கு அழைத்துப் போனேன். நீராவியில் ஓடி 1982-இல் மூடப்பட்ட நெசவாலை, இப்போது அருங்காட்சியகம். ஒரே கூரையின் கீழ் 300-க்கும் மேற்பட்ட தறிகள். இந்தச் சத்தத்தில் வேலை செய்த பெண்கள் உதட்டைப் பெரிதாக அசைத்தே தறிக்குத் தறி பேசிக்கொண்டார்கள் என்றும், அந்தப் பேச்சுக்கு மீ-மாயிங் என்று பெயர் என்றும் வழிகாட்டி விளக்கினார். என் அம்மாவும் அடுத்த தறி அக்காவும் பேசிக்கொண்டதும் அப்படித்தான். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை. பிறகு சில தறிகளை ஓட்டிக் காட்டினார்கள். மாணவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. ஒலிமானியை எடுத்து வந்திருந்தும் அதைப் பையிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். எண்ணெயும் பஞ்சும் கலந்த அதே வாசனை. யாராவது ஒரு தூளியை ஆட்டிவிட்டிருந்தால் அங்கேயே தூங்கியிருப்பேன்.

சோதனை முடிவை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று பல மாதங்களாகத் தள்ளிப்போட்டு, போன வாரம் அப்பாவை அழைத்தேன். பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கத்தினார், நானும் கத்தினேன். மழை, விலைவாசி, நூல் விலை எல்லாம் பேசினோம். "ஒண்ணு சொல்லணும்ப்பா" என்று தொடங்கியபோது சட்டென்று எல்லாத் தறிகளும் நின்றன.

"கரண்டு போயிருச்சு கண்ணு," என்றார், அதே கத்தலில். "இப்பச் சொல்லு, நல்லாக் கேக்குது."

தங்கைக்கு வளைகாப்பு எந்தத் தேதியில் என்று கேட்டேன்.