காந்தத்துக்கு முளைத்த தாடி

"மாமா, காந்தத்துக்குத் தாடி முளைத்திருக்கிறது!"

நிலாவெளிக் கரையில் மருமகள் போட்ட கூச்சலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

விடுமுறைப் பரிசாக மின்கலத்தில் ஓடும் கார் வாங்கத்தான் கடைக்குப் போனேன். ஒரு காந்தமும் பூதக்கண்ணாடியுமாகத் திரும்பினேன்.

காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்து மணலில் இழுத்தாள். கறுப்புத் துகள்கள் முள் முள்ளாக எழுந்து நின்றன. காந்தத்தை வெளியே எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தன. மறுபடி இழுத்தாள். மறுபடியும்.

"மணலுக்குள் இரும்பா?"

ஆமாம். வடக்கே புல்மோட்டையில் அகழும் இல்மனைட் என்ற கனிமம்கூட, இரும்பும் டைட்டேனியம் என்ற உலோகமும் கலந்த கறுப்பு மணல்தான். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டின் வெண்மைக்கு அந்த டைட்டேனியம்தான் உதவுகிறது.

கறுப்பிலிருந்து வெள்ளையா என்று வாய் பிளந்தாள். இந்தக் கேள்விகளை எந்தக் கார் கேட்க வைத்திருக்கும்?

நாளை முற்றத்து மண்ணையும் சோதிக்க வேண்டுமாம்.