ஃபூர்னெரோன் டர்பைன்: மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தது

பெனுவா ஃபூர்னெரோன் 1827இல் பிரான்ஸில் செய்த, பாயும் தண்ணீரால் சுழலும் டர்பைனைச் சின்ன அளவில் செய்துகொண்டிருக்கிறேன். ஒருவழியாகத் தண்ணீர் விட்டு ஓட்டியாயிற்று, திறனையும் அளந்தாயிற்று.

படுக்கைவாட்டில் சுற்றும் சக்கரங்களுக்குக் கணக்கு போட்டு வைத்தவர் அவருடைய ஆசிரியர் க்ளோட் பூர்தான். மாணவர் அதை ஓட்டியே காட்டிவிட்டார். அந்த முதல் இயந்திரம் 6 குதிரைத்திறன்தான், ஆனால் தண்ணீரின் ஆற்றலில் சுமார் 80 சதவீதத்தை வேலையாக மாற்றியது.

அமைப்பு இதுதான்: தண்ணீர் நடுவில் இறங்கி எல்லாப் பக்கமும் வெளியே பாய்கிறது. நடுவில் அசையாத வளைந்த தகடுகள். அவற்றைச் சுற்றி, எதிர்ப்பக்கம் வளைந்த தகடுகளோடு சுழலும் வளையம். இரண்டையும் 3டி பிரிண்டரில் எடுத்தேன். வளையத்தின் வெளிவிட்டம் 9 செ.மீ., தகட்டின் உயரம் நாலே மில்லிமீட்டர். வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீருக்கு அதற்குமேல் உயரம் வைத்தால் வேகம் செத்துவிடும்.

தொட்டியின் நீர்மட்டம் தரையிலிருந்து 6 மீட்டர். வினாடிக்கு ஒன்றரை லிட்டர் வருகிறது. கணக்குப்படி கிட்டத்தட்ட 90 வாட். கப்பியில் தோல்வாரைச் சுற்றி, ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பார்த்ததில் தேறியது 20 வாட். மீதியைக் குழாயும் முழங்கை இணைப்புகளும், வளையத்துக்கும் நடுத்தட்டுக்கும் இடையில் கசிவதும் தின்றுவிட்டன. (ஃபூர்னெரோனும் இதே மாதிரி, சுழலும் தண்டை இறுக்கிப் பிடித்து இழுவிசையைப் பார்க்கும் ப்ரோனி பிரேக் வைத்துத்தான் அளந்தார். அளந்து காட்டியதால்தான் ஆலைக்காரர்கள் நம்பினார்கள் என்பது என் எண்ணம்.)

அடுத்து, நடுவில் இருக்கும் அசையாத தகடுகளைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். வளையம் சுற்றத்தான் செய்தது, ஆனால் வாரை இறுக்கியதும் திணறியது, திறன் பாதிகூட இல்லை. தண்ணீரைச் சரியான கோணத்தில் திருப்பி, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வளையத்துக்குள் விடுவதில்தான் அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சுற்றுகிற பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

1837இல் ஜெர்மனியின் கருங்காட்டில், சேன்ட் பிளாசியன் நூற்பாலைக்கு அவர் செய்த சக்கரம் வெறும் 30 செ.மீ. விட்டம்தான். நூறு மீட்டருக்கும் மேலிருந்து இறங்கும் தண்ணீரில் நிமிடத்துக்கு 2300 சுற்று சுற்றி 60 குதிரைத்திறன் தந்தது. அந்தக் காலத்து வார்ப்பையும் பேரிங்கையும் நினைத்தால் தலை சுற்றுகிறது.

குறையும் உண்டு. இரண்டு வரிசைத் தகடுகளுக்கும் இடையே உருளை மதகு ஒன்று இருக்கும். அதைப் பாதி இறக்கினால் தண்ணீர் குறைவதைவிட அதிகமாகத் திறன் குறைகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. அவர் வளையத்தைக் குறுக்குத் தட்டுகளால் அடுக்கடுக்காகப் பிரித்துச் சமாளித்தார். நாலு மில்லிமீட்டரில் நான் எங்கே தட்டு போடுவது? இன்னொன்று, வாரைத் தளர்த்தினால் சக்கரம் வெறிபிடித்து ஓடுகிறது. தண்ணீர் வெளிப்பக்கம் போவதால், வேகம் ஏற ஏற மையவிலக்கு விசையும் சேர்ந்து அதை இழுத்துத் தள்ளுகிறது.

அமெரிக்காவின் லோவெல் ஆலைகளில் 1840களின் கடைசியில் பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ் இதைத் திருப்பிப் போட்டு, தண்ணீரை வெளியிலிருந்து உள்ளே பாயவிட்டார். வேகம் கூடினால் அதே விசை இப்போது தண்ணீரைத் தடுக்கும். ஆனாலும் 1895இல் நயாகராவில் ஆளுக்கு 5000 குதிரைத்திறன் என்று ஓடியவை ஃபூர்னெரோன் வகை டர்பைன்கள்தாம்.

இப்போது பிரிண்டரில் உள்நோக்கிப் பாயும் வளையம் ஏறிக்கொண்டிருக்கிறது. விட்டத்தை மாற்றவில்லை, அதே தொட்டி, அதே தராசு. முதலில் வாரைத் தளர்த்தி வேகம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.